வாயில் காத்த துறவி
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஆண்டு விழாதோறும் சான்றோர் ஒருவரின் வாழ்க்கையைப் பற்றிச் சங்க உறுப்பினர் ஒருவர் பேசுவது நம் மரபு. சென்ற ஆண்டு நந்தனார் வரலாற்றைக் கேட்டு உள்ளம் உருகினோம். அதற்கு முந்திய ஆண்டு வடலூர் வள்ளலாரைப் பற்றிக் கேட்டோம். இவ்வாண்டு கத்தோலிக்கப் புனிதர் ஒருவரைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் எனக்குக் கட்டளையிட்டார். நானோ மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தியவன். புகைவண்டி நிலையத்தில் குமாஸ்தா. சமய நூல்களைத் துறைபோகக் கற்றவன் அல்லேன். ஆகவே எனக்குப் பழக்கமான ஒரு தொழிலைச் செய்தவராகப் பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டேன்.

கத்தோலிக்கப் புனிதர் என்றதும் கடல் கடந்து வந்த சவேரியாரும், கோடி அற்புதர் எனப்படும் அந்தோணியாரும் உங்கள் நினைவுக்கு வருவர். ஓரியூரில் 1693ஆம் ஆண்டு தலை கொடுத்த அருளானந்தரைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்தவர்களும் இருக்கலாம். நான் சொல்லப் போகிறவர் போதகர் அல்லர். குருப்பட்டம் பெற்றவரும் அல்லர். வாளுக்கு இரையானவரும் அல்லர். ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த மயோர்க்கா என்னும் தீவில், ஒரு கல்லூரியின் வாயிலில் நின்று, வந்தவர்க்கெல்லாம் கதவு திறந்துவிட்டவர். அவர் பெயர் அல்போன்சு ரொட்ரிகஸ். எங்கள் பாட்டிமார் காலத்துப் புத்தகங்களில் ‘அர்ச்சியசிஷ்டர்’ என்று எழுதியிருப்பார்கள். இக்காலத்தில் ‘புனிதர்’ என்கிறோம். இதே பெயரில், இதே காலத்தில், இதே துறவற சபையில் இன்னொருவரும் இருந்தார். அவர் ஞான நூல் எழுதிப் புகழ் பெற்றவர். நூலகத்தில் தேடிப் பார்க்கும் அன்பர்கள் இருவரையும் ஒருவராக எண்ணி மயங்க வேண்டா.

அல்போன்சு 1532ஆம் ஆண்டு செகோவியா நகரில் பிறந்தார். கம்பளித் துணிக்குப் பேர்போன ஊர் அது. தந்தை தியேகோ கம்பளி வணிகர். சேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் முதல் தோழர்களுள் ஒருவரான பீட்டர் பேபர் அந்நகருக்குப் போதிக்க வந்தபோது இவர்கள் வீட்டில்தான் தங்கினார். சிறுவனுக்கு முதல் நற்கருணைக்கான பாடங்களைச் சொல்லிக் கொடுத்தவரும் அவரே. சேசு சபை என்றால் நம்மவர்க்கு அயலான பெயர் அன்று. சதுரகராதி தந்த வீரமாமுனிவர் அச்சபையினர். திருச்சிராப்பள்ளி சூசையப்பர் கல்லூரியும் பாளையங்கோட்டை சவேரியார் கல்லூரியும் அச்சபை நடத்துபவை. நம்மில் சிலர் அங்கே படித்தவர்கள். சிலர் இடம் கேட்டுக் கிடைக்காதவர்கள்.

படிக்கச் சென்ற பையன் படிப்பை முடிக்கவில்லை. தந்தை இறந்தார், வணிகத்தைத் தாயோடு சேர்ந்து கவனிக்க ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. பின்னர்க் கடைப்பொறுப்பு முழுவதும் அவர் தலைமேல் விழுந்தது. இருபத்தாறு, இருபத்தேழு வயதில் மரியா சுவாரெஸ் என்னும் பெண்ணை மணந்தார். மூன்று குழந்தைகள் பிறந்தனர். இதுவரை கேட்டால் எந்த ஊரிலும் காணக்கூடிய ஒரு குடும்பஸ்தரின் கதைதான்.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் போயின. வணிகம் நொடித்தது. இரு குழந்தைகள் இறந்தனர். மனைவியும் இறந்தார். முப்பத்தொன்றாம் வயதில் கையில் ஒரே ஒரு மகனோடு நின்றார். தாயும் காலமானார். எஞ்சியிருந்த அந்த மகனையும் சில ஆண்டுகளில் அடக்கம் செய்தார். பெற்ற மூவரையும் தன் கையால் மண்ணுக்குக் கொடுத்த தகப்பனிடம் நாம் என்ன சொல்ல முடியும்? இந்த இடத்தில் எந்த ஆறுதல் மொழியையும் சேர்த்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. பெரும்பாலான பக்தி நூல்கள் இந்த இடத்தை விரைந்து கடந்து, ‘இவ்வாறு இறைவன் அவரைத் தம்பால் ஈர்த்தார்’ என்று எழுதிவிடுகின்றன. அப்படி எழுதுவது எளிது.

உலகத்தில் ஒட்டுதல் எதுவும் இல்லாமற் போன அல்போன்சு, சகோதரியர் இருவரோடு சில ஆண்டுகள் செபத்திலும் தவத்திலும் கழித்தார். பிறகு சேசு சபையில் சேர விண்ணப்பித்தார். சபையார் ஆராய்ந்தனர். வயது அதிகம், உடல்நலம் போதாது, கல்வியோ அரைகுறை. ‘இவரால் சபைக்குப் பயனில்லை’ என்று முடிவு செய்தனர். அவர்கள் கூறிய காரணங்களில் ஒன்றும் பொய்யன்று. நம் அலுவலகங்களில் விண்ணப்பங்களின் மேல் எழுதப்படும் குறிப்புகளைப் போலவே அவை முற்றிலும் சரியான காரணங்கள்.

அல்போன்சு வலென்சியா நகருக்குச் சென்றார். வயிற்றுப்பாட்டுக்குப் பிறரிடம் ஊழியம் செய்தார். கல்விக்குறையைப் போக்கிக்கொள்ள இலத்தீன் வகுப்பில் சேர்ந்தார். மனைவி மக்களைப் பறிகொடுத்த, நாற்பதை நெருங்கிய மனிதர், மீசை முளைக்காத பையன்களோடு ஒரே பெஞ்சியில் உட்கார்ந்து இலக்கணம் மனப்பாடம் செய்தார். பையன்கள் எப்படிச் சிரித்திருப்பார்கள் என்று முன்வரிசையில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை! இலத்தீனும் அவருக்கு நன்றாக வந்துவிடவில்லை. மீண்டும் விண்ணப்பித்தார், ஆராய்ந்தவர்கள் மீண்டும் தயங்கினர். அப்போது அச்சபையின் மாநிலத் தலைவர் குறுக்கிட்டார். குருவாகவோ ஊழியச் சகோதரராகவோ இருக்கத் தகுதியில்லையென்றால், புனிதராவதற்காகவேனும் இவர் உள்ளே வரட்டும் என்று அவர் சொன்னதாக வரலாறு கூறுகிறது. 1571ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் அல்போன்சு ஊழியச் சகோதரராக ஏற்கப்பட்டார். சபையில் அதுதான் அடிப்படி. ஆறு மாதங்களில் மயோர்க்காத் தீவின் தலைநகரான பால்மாவுக்கு அனுப்பினார்கள். அங்கே ‘சீயோன் மலை’ என்னும் பொருள்படும் பெயர் கொண்ட கல்லூரியில் வாயில் காக்கும் பணி கிடைத்தது. 1617ஆம் ஆண்டு இறக்கும்வரை, 46 ஆண்டுகள், அந்த இல்லத்தைவிட்டு அவர் வேறெங்கும் மாறவில்லை. அவற்றுள் மிகப் பெரும்பகுதி வாயிற்படியில் கழிந்தது.

இடமாறுதல் உத்தரவுக்கு நடுங்கும் நம் காலனியில் இந்தச் செய்தியைக் கேட்டுச் சிலர் பெருமூச்சு விடுவதைக் காண்கிறேன்.

அவர் அங்கே நின்ற காலத்தில்தான், 1578ஆம் ஆண்டில், அதே சபையைச் சேர்ந்த அண்டிரிக்கி அடிகளார் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் பதினாறு பக்க நூலைத் தமிழ் எழுத்தில் அச்சேற்றினார். இந்திய மண்ணில் இந்திய மொழி எழுத்தில் முதன்முதல் அச்சான நூல் அது. தமிழ்ச் சங்க மேடையில் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அதே ஆண்டில் அல்போன்சு செய்தது என்ன? மணி ஒலித்தது, கதவைத் திறந்தார். அவ்வளவுதான்.

வாயிற்காவல் என்றால் தடியூன்றி நிற்பதன்று. வந்தவரை வரவேற்க வேண்டும். அவர் தேடும் குருவையோ மாணவனையோ அந்தப் பெரிய கட்டடத்தில் எங்கிருந்தாலும் போய் அழைத்துவர வேண்டும். செய்தி கொண்டு செல்ல வேண்டும். கடைகண்ணிக்குப் போய்வர வேண்டும். பசித்து வந்த ஏழைகளுக்கு அன்னமிட வேண்டும். யாரிடமும் சொல்லிக்கொள்ள வழியின்றி வரும் துன்பப்பட்டோருக்குச் செவி கொடுப்பதும் மெல்ல மெல்ல அவர் வேலையாயிற்று. ஒவ்வொரு முறை மணி ஒலிக்கும்போதும், வெளியே நிற்பவர் ஆண்டவரே என்று எண்ணி, ‘இதோ வருகிறேன், ஆண்டவரே’ என்று சொல்லிக்கொண்டு கதவை நோக்கி நடப்பாராம். அவரைப் பற்றி உலகம் நினைவில் வைத்திருக்கும் சொல் இந்த ஒன்றுதான்.

அன்பர்களே, குமாஸ்தாவாகிய நான் இதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாளொன்றுக்கு இருபது முறை மணி ஒலித்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கல்லூரிக்கு இது குறைவான மதிப்பீடுதான். ஆண்டுக்கு 7,300 முறை. முப்பது ஆண்டுகள் என்று கொண்டாலும் இரண்டு லட்சத்துப் பத்தொன்பதாயிரம் முறை. முதல் நூறு முறை அந்தச் சொல்லைச் சொல்வது கடினமன்று; புதுப் பக்தியின் வேகம் சொல்ல வைக்கும். ஐம்பதாயிரமாவது முறை, மழைக்காலத்து மாலையில், கால் வலிக்கும்போது, இப்போதுதான் வந்து போன ஆளே மறந்த பொருளை எடுக்கத் திரும்பி வந்து மணியை அடிக்கும்போது சொல்ல வேண்டுமே! அவருடைய புனிதம் அங்கேதான் இருக்கிறது என்பது என் எளிய கருத்து.

வாயிலில் நிற்பவனைப் பற்றி நம் முன்னோரும் சிந்தித்திருக்கிறார்கள். திருமாலின் வாயிற்காவலர்களான ஜயவிஜயர் முனிவர்களைத் தடுத்ததனால் நேர்ந்த கதையைப் பாகவதம் கேட்டவர்கள் அறிவார்கள். கண்ணகி கையில் ஒற்றைச் சிலம்போடு பாண்டியன் அரண்மனை வாயிலில் வந்து நின்றபோது அவளை முதலில் கண்டவன் யார்? ஒரு வாயிற்காவலன். அவளுடைய கோலத்தைக் கண்டு அஞ்சினான்; ஆனாலும் துரத்தவில்லை. உள்ளே சென்று அரசனிடம் உள்ளபடி உரைத்தான். அவன் கதவை அடைத்திருந்தால் வழக்கு ஏது, நீதி ஏது, சிலப்பதிகாரம்தான் ஏது? இளங்கோவடிகள் அவன் பெயரைக்கூட நமக்குச் சொல்லவில்லை. சென்ற ஆண்டு நண்பர் பேசிய நந்தனாரோ வாயிலுக்கு வெளியே நின்றவர். ஒருவனை வெளியே நிறுத்துவதும் உள்ளே அழைப்பதும் எவ்வளவு பெரிய காரியங்கள் என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டியதில்லை.

எனக்கும் ஒரு வாயில் உண்டு. என்கொயரி என்று எல்லோரும் சொல்லும் விசாரணைச் சாளரத்தின் பின்னால் பதினெட்டு ஆண்டுகளாக அமர்ந்திருக்கிறேன். என் தலைக்கு நேர்மேலே வண்டிகளின் நேரம் மின்பலகையில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒலிபெருக்கி மூன்று மொழிகளில் கூவுகிறது. ஏறத்தாழ எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறது. இருந்தும் வரிசை குறைவதில்லை. ‘தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் எத்தனை மணிக்கு?’ என்று ஒருவர் கேட்டு, நான் விடை சொல்லி, அவர் நகர்ந்த மறுகணம், அதைக் காதால் கேட்டுக்கொண்டிருந்த அடுத்தவரும் அதே கேள்வியைக் கேட்பார். தொடக்கத்தில் இது எனக்கு வியப்பாக இருந்தது. பலகையும் ஒலிபெருக்கியும் சொன்னது தமக்கும் பொருந்துமா என்று ஒரு மனித முகத்திடம் கேட்டு உறுதி செய்துகொள்ளவே அவர்கள் வருகிறார்கள். படிக்கத் தெரியாதவர்களும், முதன்முறை ஊர்விட்டு ஊர் போகிறவர்களும், சாவுச் செய்தி கேட்டுப் புறப்பட்டவர்களும் அந்த வரிசையில் இருக்கிறார்கள். யார் எவர் என்று முகத்தில் எழுதியிருப்பதில்லை.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, தந்தையார் வேலை பார்த்த ஊருக்கு என் தாயார் எங்களை அழைத்துக்கொண்டு வந்தார். வழியில் வடநாட்டு நிலையம் ஒன்றில் வண்டி மாற வேண்டும். தாயாருக்குத் தமிழன்றி வேறு மொழி தெரியாது. சாளரத்தருகே சென்று, டிக்கெட்டை நீட்டி, சைகையால் கேட்டார். உள்ளே இருந்தவர் தலை நிமிரவில்லை. ஏதோ சொல்லிப் பலகையைச் சாத்திவிட்டார். மூட்டை தூக்கும் முதியவர் ஒருவர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு எங்களை மூன்றாம் பிளாட்பாரத்தில் கொண்டுபோய் உட்கார வைத்து, வண்டி வரும்வரை உடனிருந்தார். கூலி கொடுத்தபோது வாங்கிக்கொண்டார், அதுவும் நியாயந்தானே. சாளரத்துக்குப் பின்னால் இருந்தவரை நான் குறை கூற வரவில்லை. அவருக்கு அன்று என்ன தொல்லையோ. அந்தப் பலகை சாத்தப்பட்ட ஓசை மட்டும் என் காதில் இன்றும் இருக்கிறது.

அல்போன்சின் உள்ளத்திலும் அமைதியே நிலவியது என்று எண்ணிவிடக் கூடாது. மேலாளர்களின் கட்டளைப்படி 1604ஆம் ஆண்டு முதல் தம் அகவாழ்க்கையைப் பற்றிக் குறிப்புகள் எழுதினார். அவற்றிலிருந்து தெரிகிற மனிதர் வேறு. தம் பாவங்களைப் பற்றிய ஓயாத ஐயம், பல ஆண்டுகள் நீடித்த கடுஞ்சோதனைகள், செபத்தில் வறட்சி, உடலை வாட்டிய நோய்கள். இத்தனையும் உள்ளே வைத்துக்கொண்டு, வெளியே வந்தவரிடம் அவர் எரிந்து விழவில்லை. வீட்டில் நோயாளியை விட்டுவிட்டு வந்து கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். இறுதிக் காலத்தில் அவருக்கு நினைவும் தளர்ந்தது.

இனிச் சொல்லப்போவது அந்த வாயிலில் நடந்த ஒரு பெரிய நிகழ்ச்சி. ஒரே ஒரு நிகழ்ச்சி என்றும் சொல்லலாம். 1605ஆம் ஆண்டில் பீட்டர் கிளேவர் என்னும் இளந்துறவி தத்துவம் பயில அக்கல்லூரிக்கு வந்தார். கற்றலோனிய நாட்டுப்புறத்தில் வெர்து என்னும் சிற்றூர்க்காரர். வயது இருபத்தைந்து அளவு. தாம் என்ன ஆக வேண்டும், எங்கே போக வேண்டும் என்று தெளிவில்லாமல் தடுமாறிக்கொண்டிருந்தவர். கல்லூரியில் மேதைகளான பேராசிரியர்கள் இருந்தனர். அவரோ எழுபதைக் கடந்த வாயிற்காவலரிடம் சென்றார். தலைவரின் அனுமதியோடு இருவரும் அடிக்கடி உரையாடினர். பெரியவர் அவருக்குச் சொன்னது இதுதான்: அமெரிக்க நாடுகளில் உழைப்பாரின்றிக் கிடக்கும் எத்தனையோ ஆன்மாக்கள் உள்ளன, அங்கே போ. தீவைவிட்டே நகராத ஒருவர் உலகத்தின் மறுகோடிக்கு வழி சொன்னார். கப்பலில் வந்தவர்கள், போனவர்கள், திரும்பி வராதவர்களைப் பற்றிய செய்திகள் எல்லாம் வாயிலைக் கடந்துதானே உள்ளே வர வேண்டும்! விசாரணைச் சாளரத்தில் இருப்பவனுக்கு ஊர் சுற்றாமலே ஊர்கள் தெரிந்துவிடும் என்பது என் அனுபவம்.

கிளேவர் 1610இல் கப்பலேறினார். இருவரும் இவ்வுலகில் மறுபடி சந்திக்கவில்லை. பெரியவர் எழுதிக் கொடுத்த ஞானக் குறிப்புகளைக் கிளேவர் சாகும்வரை போற்றி வைத்திருந்தார்.

அவர் போய்ச் சேர்ந்த இடம் இன்றைய கொலம்பியா நாட்டின் கார்த்தகேனா துறைமுகம். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட மக்களைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து இறக்கி விற்ற பெரும் சந்தை அது. கப்பலின் அடித்தளத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டு, பாதி பேர் நோயிலும் புண்ணிலும் கிடக்க, வாரக்கணக்கில் கடலில் வந்தவர்கள். தம்மைத் தின்பதற்காகவே கொண்டு வந்திருக்கிறார்கள் என்று அஞ்சி நடுங்கியவர்களும் உண்டாம். கப்பல் வருகிறது என்று கேட்டதும் கிளேவர் படகேறிச் சென்று எதிர்கொள்வார். எலுமிச்சை, பழம், ரொட்டி, தண்ணீர், மதுச்சாரம், புகையிலை ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, மாலுமிகளே இறங்கத் தயங்கும் அந்த நாற்றத்துக்குள் இறங்குவார். புண்களைக் கழுவுவார். 1622ஆம் ஆண்டு தம் இறுதி வாக்குறுதியில், ஆப்பிரிக்கர்களுக்கு என்றென்றும் அடிமை எனப் பொருள்படும் சொற்களைத் தம் பெயரோடு சேர்த்துக் கையொப்பமிட்டார். மூன்று லட்சம் பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார் என்பர்.

அவர் செய்தவற்றுள் என்னை மிகவும் கவர்ந்தது மருந்தும் பழமும் அல்ல. ஒவ்வொரு முறையும் அவர் மொழிபெயர்ப்பாளர்களைத் தேடி உடன் அழைத்துச் சென்றார். பல இனத்தவர், பல மொழியினர். எந்தக் கப்பலில் எந்த மொழி பேசுவோர் வந்திருக்கிறார்கள் என்று முதலில் விசாரித்து, அம்மொழி தெரிந்த ஆளைக் கண்டுபிடித்த பிறகே வேலையைத் தொடங்குவார். இருட்டறையில் கிடக்கும் ஒருவன் காதில் அவன் தாய்மொழியில் ஒரு சொல் விழ வேண்டும்! இதன் பொருளை மற்றவர்களைவிட, ஊர்விட்டு வந்த நாம் நன்றாக அறிவோம். இந்த நாகபுரிக்கு வந்த முதல் வாரத்தில், கறிகாய் வாங்கும் இடத்தில், பின்னாலிருந்து யாரோ ‘என்னங்க, என்ன விலை சொல்றான்?’ என்று கேட்டபோது கண் கலங்கியதாக என் மனைவி இன்றும் சொல்வதுண்டு.

மெய்யை மறைக்காமல் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மொழிபெயர்ப்பாளர்கள் பலரும் கல்லூரிக்கென்று விலைக்கு வாங்கப்பட்ட அடிமைகளே. சேசு சபையும் அடிமைகளை உடையதாகவே அக்காலத்தில் இருந்தது. கிளேவர் அடிமை முறையை ஒழிக்கவில்லை; 1654இல் அவர் இறந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1851ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் அந்நாட்டில் அது ஒழிந்தது. இதைப் படித்தபோது என் மனம் வருந்தியது. புனிதர்களும் தம் காலத்துச் சுவர்களுக்குள் வாழ்ந்தவர்களே. சுவரை இடிக்க அவர்களுக்குத் தோன்றவில்லை. கதவைத் திறக்கத் தோன்றிற்று. திறந்த கதவால் நன்மை பெற்றவர்களிடம் அதன் மதிப்பைக் கேட்க வேண்டும். நானூறு ஆண்டுகள் கழித்து நாற்காலியில் இருந்து தீர்ப்புச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருக்கிறது.

1617ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் அல்போன்சு உயிர் நீத்தார். அடக்கத்திற்கு அரசப் பிரதிநிதியும் பிரபுக்களும் வந்தனர். ஏழைகளும் நோயாளிகளும் திரளாக வந்தனர். 1633இல் மயோர்க்காத் தீவு அவரைத் தன் பாதுகாவலராக ஏற்றுக்கொண்டது. ஆனால் ரோமாபுரியில் காரியம் மெதுவாகவே நடந்தது. இடையில் ஸ்பெயின் நாட்டிலிருந்து சேசு சபையார் வெளியேற்றப்பட்டதும், சபையே சில காலம் கலைக்கப்பட்டதும் தாமதத்திற்குக் காரணங்கள். முடிவில் 1888ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். அன்று அதே சடங்கில் பட்டம் பெற்ற மற்றொருவர் பீட்டர் கிளேவர். பால்மா வாயிலில் பிரிந்த இருவர் பெயரையும் 280 ஆண்டுகள் கழித்து ஒரே நாளில் சேர்த்து வாசித்தார்கள்.

இந்த வரலாற்றை என் இல்லத்தில் சொன்னபோது, கல்லூரியில் பயிலும் என் மூத்த மகள் ஒரு கேள்வி கேட்டாள். ‘அப்பா, கிடைத்த வேலையில் கிட என்று ஏழைகளுக்குச் சொல்வதற்கு இந்தக் கதை நன்றாகப் பயன்படும் போலிருக்கிறதே?’ என்றாள். கூர்மையான கேள்விதான். மேலாளர்கள் இதைக் கேட்டு மகிழ்ந்துவிடக் கூடாது என்பதற்காக இங்கேயும் சொல்கிறேன். அல்போன்சு கிடைத்ததில் கிடந்தவர் அல்லர். நாற்பது வயதில் இலத்தீன் படித்தவர். மறுக்கப்பட்ட பிறகும் மீண்டும் கதவைத் தட்டியவர். நம் பிள்ளைகள் படித்து முன்னேற வேண்டும். நாமும் இலாகாத் தேர்வு எழுத வேண்டும். நானும் இருமுறை எழுதியிருக்கிறேன். பதவி உயர்வு வந்தாலும் வராவிட்டாலும், நாளைக் காலையில் சாளரத்தின் முன் ஒருவர் வந்து நிற்பார். அவரை நிமிர்ந்து பார்ப்பதற்கு உயர்ந்த பதவி தேவையில்லை என்பதுதான் மகளுக்கு நான் சொன்ன விடை. அவள் முழுதும் ஒத்துக்கொண்டாள் என்று சொல்ல முடியாது.

இனி நம் வீட்டு விஷயம் ஒன்று. நம் சங்க அறையில் நல்ல நூல்கள் இருக்கின்றன. மு.வ.வும் கல்கியும் அலமாரியில் அழகாக அடுக்கியிருக்கிறார்கள். ஆனால் அறைக்கதவில் வாரத்தில் ஆறு நாள் பூட்டுத் தொங்குகிறது. சென்ற சூன் மாதம், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு குடும்பம், கைக்குழந்தையோடு, ஊரில் யாரோ சொன்ன விலாசத்தைப் பிடித்துக்கொண்டு மாலை ஏழு மணிக்கு இங்கே வந்திருக்கிறது. வீடு இன்னும் ஒதுக்கப்படவில்லை. பால் எங்கே கிடைக்கும், குழந்தைக்கு டாக்டர் யார், எந்தப் பள்ளியில் இடம் கேட்கலாம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். படிக்கட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, நிலையத்துக் காத்திருப்பறைக்கே திரும்பிவிட்டார்கள். மறுநாள் என் சாளரத்துக்கு வந்து கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. அந்தக் குடும்பத்தார் இப்போது நம் காலனியில்தான் இருக்கிறார்கள். இன்று சிற்றுண்டி ஏற்பாடு முழுவதும் அந்த அம்மையாருடையது.

மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை நாள்தோறும் அறையைத் திறந்து வைத்து, ஒருவர் மாறி ஒருவர் அமர்ந்திருப்பது என்று செயற்குழு முடிவு செய்துள்ளது. கதவுக்கு அருகில் ஒரு மணியும் வாங்கி மாட்டியாயிற்று. பெயர் எழுதும் தாள் செயலாளரிடம் இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் நான் எழுதிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஐயா ஏற்றுக்கொண்டார். திங்கள், புதன், வியாழன், சனி காலியாக உள்ளன. விழா முடிந்ததும் தாளை வாயிலண்டை மேசையில் வைக்கிறார்கள்; பேனாவும் அங்கேயே இருக்கும்.